பையில் இருந்தது வில்லுதான்

இன்று கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. கையில் நீளமான பை வேறு.

"பையில என்ன அண்ணாச்சி?" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"வில்லு."

சட்டென்று எழுந்துவிட்டார். "உக்காருங்க. வில்லுப்பாட்டு பாடுதவிய நிக்கலாமா? எந்த ஊர்ல கோயில் கொடை?"

உட்கார்ந்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். புது வில் வாங்கியவனால் முடியுமா? பையைத் திறந்தேன்.

"இது அம்பு விடுத வில்லு. மூணு துண்டா கழட்டலாம். நடுவுல பிடி, மேலயும் கீழயும் வளையுத கை. பழகுததுக்கு லேசான கை. தெம்பு வந்தா இழுக்கக் கஷ்டமான கை. பிடி அதேதான், கைய மட்டும் மாத்திக்கிடலாம்!"

"தெம்பு வந்துட்டாக்கும்?"

"இன்னும் அம்பே வாங்கல. கை மட்டும் மூணு ஜோடி வாங்கிட்டேன்."

"அப்போ பாட்டு?"

"கிடையாது."

"எந்திரிங்க அண்ணாச்சி. சீட்டு அதேதான், ஆள மட்டும் மாத்திக்கிடுவோம்."

பஸ்ஸே சிரித்தது.

எட்டயபுரத்திலிருந்து நின்றுகொண்டே வந்து, விளாத்திகுளம் பிரவுசிங் சென்டரில் இதைத் தட்டுகிறேன். திரும்பிப் போகவும் அதே பஸ்தான். நாலு வரி வில்லுப்பாட்டு தெரிந்தவர்கள் உடனே கீழே எழுதவும்.