என் குங்குமத்தைக் குறை சொன்ன கண்

கொள்ளேகாலத்திலிருந்து கைவீசிக்கொண்டு மைசூருக்கு வந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. குங்குமக் கடை, அரைக்கும் கொட்டகை, மாடி வீடு எல்லாம் நானாக உண்டாக்கியவை. தூக்கிவிட ஓர் ஆள் கிடையாது.

இது மகாராஜா காலத்தில், தசராவுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. மஞ்சளில் எலுமிச்சைச் சாறும் வெங்காரமும் சேர்த்துப் பிசைந்தால் சிவந்து குங்குமமாகும்; அதை நிழலில் உலர்த்துவோம். நிறம் பார்ப்பது என் மனைவி. ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து, வலது கண்ணை மூடி, இடது கண்ணால் பார்ப்பாள். அது அவள் வழக்கம். அவள் தலையாட்டினால்தான் சரக்கு வெளியே போகும்.

அந்த வருஷம் தலையாட்டவே இல்லை.

"ஏனுங்க, செங்கல் பொடியாட்ட இருக்குதுங்க."

மறுபடி பிசைந்தேன். "இதும் வெளுப்புத்தானுங்க."

"என் குங்குமமா வெளுப்பு?" என்று கத்திவிட்டு, எலுமிச்சை விற்றவனிடம் சண்டைக்கே போய்விட்டேன். திரும்பி வந்தால், இடது கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்கிறாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "புள்ள, இன்னொரு கண்ணால பாரு!"

பார்த்தாள். "அட, ரத்தச் செவப்புங்க!" என்று சிரித்தவள், உடனே முகம் வாடி, "அப்ப கெட்டது என் கண்ணுங்களா?" என்றாள். இடது கண்ணுக்கு என் முகமே புகைமூட்டமாம்.

சொந்தக்காரர்கள் பச்சிலைச் சாறு ஊற்றக் கிண்ணத்தோடு வந்தார்கள். விரட்டிவிட்டு ஜட்கா வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் விளக்கும் கண்ணாடியும் வைத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு சிவப்புத் துணியைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி நிறம் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். என் சோதனையேதான்! கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு வீங்கியிருக்கிறது, பலருக்குப் பார்வை திரும்பும், உறுதியாகச் சொல்ல முடியாது, ஓய்வு வேண்டும் என்றார்.

சமையல் என் கைக்கு வந்தது. "பார்வை வராட்டியும் பரவால்லீங்க, இந்தச் சாம்பார் மட்டும் வேண்டாமுங்க" என்றாள்.

தசராவின் கடைசி நாள், ஜம்பூ சவாரி என்கிற யானை ஊர்வலம் பார்க்கக் கூட்டத்தில் நின்றோம். திடீரென்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். "யானை மேல பட்டு செவப்பா தெரியுதுங்க! உங்க மீசையில சோத்துப் பருக்கை, அதும் தெரியுதுங்க!"

நான் போட்ட கூச்சலை மகாராஜாவுக்குப் போட்ட வாழ்த்து என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

டாக்டர் கைராசி என்கிறார்கள் உறவுக்காரர்கள். சாமுண்டி அருள் என்கிறாள் இவள். இருக்கட்டும். கோளாறு கண்ணில்தான் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். இன்றும் அவள் இரண்டு கண்ணாலும் என்னை முறைக்கும்போது மனசு குளிர்ந்துபோகிறது. அந்த முறைப்பில் பாதி என் சம்பாத்தியம், அதை எல்லாரும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.