அரிசிக்காளானின் வாசனை

இன்று காலை என் உள்ளங்கையில் ஓர் அரிசிக்காளான் இருந்தது. கட்டைவிரல் நகத்தின் அகலம்தான் குடை. வெள்ளை, நடுவில் மட்டும் லேசான பழுப்பில் ஒரு சின்னக் கூர். ஓரம் அங்கங்கே கீறி விரிந்திருக்கும். அடியிலுள்ள மெல்லிய மடிப்புகளில், வாடும்போது இளஞ்சிவப்பு ஏறும். தண்டு துடைப்பக்குச்சி கனம். ஆம்பூரை ஒட்டிய காப்புக்காட்டில், உசிலை மர நிழலில், கறையான் புற்றைச் சுற்றித்தான் முளைக்கும். நல்ல மழைக்குப் பிறகு, யாரோ பச்சரிசியைச் சிந்திவிட்டுப் போனதுபோல் ஒரேயடியாக வரும். வெயில் ஏறினால் சுருண்டுவிடும். இதற்காக என்னைக் காட்டுக்கு இழுத்துப்போனவர் என் வீட்டுக்காரர்.

அவர் டேனரியில், பச்சைத்தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு முன்பே மூக்கு செத்துப்போயிருந்தது. குழம்பு தீய்ந்தாலும் தெரியாது, நான் மல்லிகை வைத்தாலும் தெரியாது. நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டூட்டி முடிந்து காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், மழைக்காலத்தில் மனிதர் துண்டும் கையுமாக நிற்பார். படுக்கையைத் தவிர வேறு நினைப்பே இல்லாத என்னை நேரே காட்டுக்குக் கூட்டிப்போவார். "பேஜாரா இருக்குதுங்க, வுடுங்க" என்றால் விடமாட்டார்.

"நீ மோந்து பாக்காம ஒண்ணும் சட்டிக்குப் போவாது."

"என் மூக்குக்குத்தான் தாலி கட்டினீங்களா?" என்று எரிந்து விழுவேன்.

"பின்ன?" என்று சிரிப்பார்.

ஒவ்வொரு முறையும் பறித்ததை முதலில் தன் மூக்கில் வைத்து ஆழமாக இழுப்பார். ஒன்றும் வராது என்று அவருக்கே தெரியும். பிறகு பக்கத்தில் நிற்கும் என்னிடம் நீட்டுவார். "இன்னா வாசன வருது, சொல்லு." ஊறின பச்சரிசியை இடித்ததும் வருமே, அந்த ஈரமாவு வாசனை என்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒருமுறை புற்றே இல்லாத இடத்தில், அதேபோல் வெள்ளையாக இருந்த எதையோ துண்டு நிறையப் பறித்துவிட்டார். முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "தூக்கிப் போடுங்க, உங்க சுண்ணாம்புத் தொட்டி நாத்தம்" என்றேன். கொட்டிவிட்டார். கொஞ்ச தூரம் நடந்தபின் கேட்டார்: "அது எப்டிம்மா இருக்கும்? மறந்தே போச்சு." தினமும் அந்தத் தொட்டியோரம் உட்கார்ந்து சோறு தின்கிற மனுஷன்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் ஊரையே முடக்கிப்போட்ட தொற்றுக்காய்ச்சல் எங்கள் இருவரையும் ஒன்றாகப் படுக்கவைத்தது. தொட்டிக் காற்றில் ஏற்கெனவே கெட்டுக் கிடந்த அவர் நெஞ்சு தாங்கவில்லை, போய்விட்டார். நான் பிழைத்தேன், வாசனை மட்டும் திரும்பவில்லை. வந்துவிடும் என்றார்கள், வார்டில் நானும் பலருக்கு அதைத்தான் சொல்கிறேன். பினாயிலும் காபியும் எனக்கு ஒன்றுதான். சாப்பாடு வெறும் சூடாக இருக்கிறது. அலுத்துவிட்டது.

நேற்று முழுக்க மழை. இன்று பஸ்ஸை விட்டு இறங்கியபோது எனக்காக யாரும் நிற்கவில்லை. கால்கள் பழக்கத்தில் காட்டுப்பக்கம் நடந்தன. புற்றைச் சுற்றி வெள்ளைவெளேரென்று பூத்திருந்தது. ஒன்றைப் பறித்து, மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் இழுத்தேன். ஒன்றுமில்லை. நான் நினைக்காமலே, காளானோடு கை பக்கத்தில் நீண்டது.

கை கடுக்கும்வரை அப்படியே நின்றேன். மோந்து பார்க்க ஆளில்லாததைச் சட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. புற்றடியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.