முதற்குடம்

மலைமேல் அணை கட்டும் வேலை நடந்த ஆண்டுகளில் கம்பத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பது அரிதாயிற்று. வேறு காலமாயிருந்தால் ஒரே வளவில் சேர்ந்திருக்கமாட்டாத நான்கு குடும்பங்கள் அப்படித்தான் சேர்ந்தோம். ஒரே முற்றம், ஒரே கிணறு, நான்கு வீடு. எனக்குத் தானிய மண்டியில் வேலை. எதிர்வீட்டில் எருமை வளர்த்துப் பால் விற்கும் அம்மாள். பக்கத்தில் வெற்றிலை வியாபாரம் செய்த ராவுத்தர். மூலைவீட்டில் மாதா கோயிலுக்குப் போகும் ராயப்பன்பட்டி வேதக்காரர் ஒருவரும் அவர் மனைவியும்; அவர் அணைக்குக் கல் கொத்துபவர்.

ஒரே ஊற்றைக் குடித்தோமே அன்றி உறவென்று ஒன்றும் இல்லை. வீட்டுக்கொரு கயிறு, வீட்டுக்கொரு வாளி. ஒருவர் கயிற்றை மற்றவர் தொடமாட்டார். எல்லோரும் மதித்த வழக்கம் ஒன்றுண்டு. விடியலில் பதிகம் பாடி முடித்துச் சிவபூசைக்கு நான் முதற்குடம் சேந்துவேன். அதற்குமுன் யாரும் வாளி இறக்குவதில்லை.

ஒருநாள் கல்கொத்துபவரை மலையிலிருந்து காய்ச்சலோடு இறக்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாளே பால்கார அம்மாள், கிணற்றடியில் கிடந்த மூலைவீட்டுக் கயிற்றைக் குச்சியால் தள்ளிவிட்டாள்.

"ஆத்தா, இதை எடுத்துக்கிட்டு ஆத்துப்பக்கம் போ. மலைக்காய்ச்சலு கெணத்துல எறங்குச்சுன்னா எம்புள்ளைகளுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் ஆத்துக்குப் போயிட்டா இவரை யாரு பாப்பாக?"

"ஒங்க கோயில் சாமியாரு வந்து பாப்பாக!"

செய்தி, எங்களிடம் வாடகை வாங்கும் வளவுக்காரருக்கு எட்டியது. அமாவாசைக்குள் வீட்டை ஒழிக்க வேண்டும் என்றார். வண்டிக் குலுக்கலை அந்த உடம்பு தாங்காது என்று கல்கொத்துபவர் மனைவி கைகூப்பினாள். அவர் செவிகொடுக்கவில்லை. நோயாளியை வண்டியில் ஏற்றினால் ஊர் சேரும்முன் உயிர் பிரியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவரவர் வாசலுக்குத் திரும்பினோம்.

எங்கும் நிறைந்தவன் என்று நாள்தோறும் பாடுகிற வாய், மூலைவீட்டில் மட்டும் அவன் இல்லை என்று எப்படிச் சொல்லும்? மறுநாள் விடியலில் பதிகம் முடித்து முதற்குடத்தைச் சேந்தினேன். கால்கள் பழக்கத்தால் என் வாசலை நோக்கின. அவற்றை மூலைவீட்டுப் பக்கம் திருப்பினேன்.

"அய்யா, வழி தப்பிட்டீகளா? ஒங்க வாசல் இங்கன இருக்கு" என்றாள் பால்கார அம்மாள்.

"தப்பலை தாயி. தெரிஞ்சுதான் போறேன்."

"அப்ப ஒங்க சாமிக்கு?"

"அவருக்குக் காய்ச்சல் இல்லை. ரெண்டாங்குடத்துக்குக் காத்திருப்பாரு."

பூசைக் குடத்தைத் தொட மூலைவீட்டுப் பெண் அஞ்சினாள். அவள் பானையில் நானே ஊற்றினேன். பிறகு அதே வாளியால் இரண்டாங்குடம் சேந்திப் பூசைக்குக் கொண்டுபோனேன். என் மனைவி அன்று பூசைப் பாத்திரத்தை எடுத்துத் தரவில்லை; நானே எடுத்துக்கொண்டேன். அடுத்த நாளும் அப்படியே செய்தேன், அதற்கடுத்த நாளும்.

ராவுத்தர் ஒரு காலையில் கஞ்சிக் கலயத்தோடு முற்றத்தில் தயங்கி நின்றார். "வீட்டுல குடுத்துவிட்டாக. கெணத்தடியில வைக்கவா, வாசல்ல வைக்கவா?"

"வாசல்ல வச்சா சூடு ஆறாது" என்றேன். வாசலில் வைத்தார்.

பால்கார அம்மாள்தான் இளகவில்லை. ஆனால் பூசைக் குடம் இப்போது இரண்டாவதாகிவிட்டதால், நான் இரண்டு குடம் சேந்தி முடிக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவளுடைய எருமையோ காத்திருக்கவில்லை. அதன் கதறல் பதிகத்தை மீறிக் கேட்டது. கடைசியில் ஒரு நாள் அவள் தன் வாளியோடு வேகமாக வந்தாள்.

"அய்யா, நீங்க ஒங்க சாமிக்குக் கொண்டு போங்க. மூலைவீட்டுக்கு நான் ஊத்திர்றேன். பாலுக்கு நேரமாகுது."

நேரமானதனால் ஊற்றியவள், அன்று மாலை நேரம் இருந்தும் ஊற்றினாள்.

அமாவாசையன்று வளவுக்காரர் பூட்டோடு வந்தார். பால்செம்பை இடுப்பில் இடுக்கியபடி அவளே முன்னால் போய் நின்றாள்.

"ஒத்தப் பூட்டுதான் கொண்டாந்தீகளா? இங்கன நாலு வீடு இருக்கு."

"வீடு கேட்டு ஆளு வரிசையா நிக்குது, தெரியுமா?"

"நிக்கட்டும்" என்றார் ராவுத்தர், தம் வாசலிலிருந்து. "காச்சல்காரனைத் தூக்கி வெளிய போட்ட வளவுன்னு கம்பம் பூரா சொல்லிட்டுத்தான் நாங்க போவோம். அப்புறம் எந்த ஆளு வருதுன்னு பாப்போம்."

வளவுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மூலைவீட்டுப் படியில் உட்கார்ந்தேன். பூட்டு வந்த வழியே திரும்பிற்று.

கல்கொத்துபவர் எழுந்து நடமாடச் சில வாரங்கள் ஆயின. மீண்டும் மலையேறுவதற்கு முன் ஒரு விடியலில், நான் பதிகம் முடிக்கும்வரை கிணற்றடியில் காத்து நின்றார்.

"இன்னைக்கு நான் சேந்தட்டுமாய்யா?"

என் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். மெலிந்த கைகளால் மெல்ல இழுத்தார். பாதி நீர் சிந்தியது.

"ஏப்பா, பூராத்தையும் கெணத்துக்கே திருப்பிக் குடுக்காத!" என்றாள் பால்கார அம்மாள்.

குறைகுடமாக இருந்த அதை என் வாசலுக்கு எடுத்துச் சென்றேன். கயிற்றைப் பிடித்தவர் யாரென்று பார்த்திருந்த என் மனைவி, ஒரு கணம் என் முகத்தை நோக்கினாள். பின்பு உள்ளே போய்ப் பூசைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, குடத்தின் வாயருகே பிடித்தாள்.