பத்து நிமிடத் தாழ்ப்பாள்

ஒன்பது ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தவர் அவர். பள்ளியில் ‘மூச்சு டீச்சர்’ என்றால்தான் தெரியும். வீட்டுக் கஷ்டத்தில் நசுங்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை வாரம் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவது வேலை. முதல் நாளே ஆளுக்கொரு தாள் கொடுப்பார். அதன் முதல் வரி: ‘தினமும் பத்து நிமிடம் தனியாக இரு.’

இஸ்திரிக்காரியின் மூத்த மகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பதற்றம் வந்தால் காதுக்கு மேலே முடியைப் பிடுங்குகிற பெண். அங்கே சட்டைப் பொத்தான் அளவுக்குச் சொட்டை. ஆறாவது வாரம் அந்தச் சொட்டையில் பூனைமுடி முளைத்திருப்பதை டீச்சர் பார்த்துவிட்டார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவருக்கு. அன்று மாலையே, பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மாவைப் பார்க்கக் கிளம்பினார்.

நாலாவது மாடி. பதினோரு அறை, அறைக்கொரு குடும்பம், வராந்தாக் கோடியில் எல்லாருக்குமாக ஒரே கழிப்பறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே நாலு பேர் வரிசை.

“இஸ்திரிக்காரம்மா பொண்ணுதான் உள்ள. பாவம், வயிறு சரியில்ல,” என்றார் முன்னால் நின்ற தையல்காரர். “ஒன்றரை மாசமா இதே கதை. என் வீட்டுக்காரி மருந்துகூட வாங்கிக் குடுத்தா.”

பக்கத்து அறை வாசலில் அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தாள். உள்ளே முதுகு உடைந்து படுத்திருக்கும் அப்பா, மூன்று சின்னதுகள், ஒரே கட்டில். டீச்சர் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்தும் வாய் நிற்கவில்லை.

“உங்க பொண்ணை நெனச்சா பெருமையா இருக்கும்மா. தினமும் பத்து நிமிஷம் தனியா உக்காந்து மூச்சை எண்ணுறா. முடிகூட முளைக்குது!”

“தனியாவா? இந்த வீட்டுலயா? எங்க உக்காருறா?”

வரிசை டீச்சரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கதவைப் பார்த்தது.

“அடிப்பாவி! நாங்க இங்க அடக்கிக்கிட்டு நிக்கிறோம், மகாராணி உள்ள மூச்சு எண்ணுறாளா?” தையல்காரர் கதவை உதைத்தார். “எத்தனை வந்துச்சும்மா? முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்கா?”

கதவு திறந்தது. பெண் வேறு யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“நீங்களா டீச்சர் சொன்னீங்க?”

“அவளுக்கு அந்தப் பத்து நிமிஷம் ரொம்ப முக்கியம், தயவுசெஞ்சு...” என்று டீச்சர் வரிசையிடம் தொடங்கினார்.

“உங்க வீட்டுல எத்தனை கக்கூஸ்?” அம்மா பிழிவதை நிறுத்தவில்லை.

“ரெண்டு.”

வராந்தாவே சிரித்தது. படுத்த இடத்திலிருந்து அப்பாவும் சிரித்தார்.

டீச்சர் படியிறங்குவதற்குள் தையல்காரர் திருப்புளியோடு வந்து தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். இனி உள்ளே போகிறவர்கள் இருமிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அடுத்த வாரம் பெண் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். “மூச்சை உள்ள இழுங்க” என்றதும் அவள் கை காதுக்கு மேலே போனது.

முதல் வரியை மாற்றலாமா என்று டீச்சர் அலுவலகத்தில் கேட்டார். ஆயிரம் தாள் அடித்தாகிவிட்டதாம், தீர்ந்த பிறகு பார்க்கலாமாம். திங்கட்கிழமை புதிய வகுப்பு தொடங்குகிறது. இருபத்தைந்து பிள்ளைகள்.