அவர் வாயால் வரவேண்டியது

என் தாய் கெசியாவைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. திமிர் பிடித்தவள் என்பது ஒன்று. சுடலைமாடனுக்குச் சேவல் அறுத்தவள் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தச் சேவலை யாருக்காக அறுத்தாள், யார் கேட்டு அறுத்தாள் என்பதை மட்டும் ஊர் சௌகரியமாக மறந்துவிட்டது. எனக்கு அந்த மாதிரி மறதி கிடையாது.

ஏரலுக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டி எங்கள் ஊர். நாற்பது வீடு, எல்லோரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். தேவாலயத்தைக் கோவில் என்றுதான் சொல்வோம். கல்லால் கட்டிய கட்டடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மண்சுவரும் பனையோலைக் கூரையும். என் அப்பா கிருபைராஜ் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அவருக்கு நல்ல கணீரென்ற குரல். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பது அவர்தான்.

எனக்கு எட்டு வயதில் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. மருந்துக்கும் அடங்கவில்லை, ஜெபத்துக்கும் அடங்கவில்லை. பதினெட்டாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா கெசியா, எங்க பாட்டன் காலத்துல மாடனுக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தாவ. நாமதான் நிறுத்திட்டோம். அவன்தான் என்னப் புடிச்சிருக்கான். ஒரு சேவலக் கொடுத்துரு. என்னைச் சாக விட்டுறாத."

தெளிவாகத்தான் சொன்னார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பயந்து கிடக்கிற மனுஷனின் பயம் தீரட்டும் என்றுதான் போனாள். உடைமரக் காட்டுக்குள் இருந்த மாடன் பீடம் வரைக்கும் சேவலை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஆடு மேய்த்த ஒருத்தன் கண்ணில் பட்டோம். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. மாடனா, மருந்தா, தானாக இறங்கியதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

சபையை நடத்திவந்த சத்தியநேசன் உபதேசியார் விசாரணைக்கு வந்தார். "ஆமா, நான்தான் அறுத்தேன்" என்றாள் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா சொன்னார்: "நான் நினைவில்லாமக் கிடந்தேன், உபதேசியாரே. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அம்மாவைச் சபையை விட்டு நீக்கினார்கள். சபை முன்னால் எழுந்து நின்று, தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். அவள் சொல்லவில்லை. நான் போய் உள்ளதைச் சொல்கிறேன் என்றதற்கு என் காதைத் திருகினாள்.

"ஏட்டி யூனிஸ், நீ வாயத் தொறந்தா தோல உரிச்சுருவேன். அது அவரு வாயால வரணும்."

மூன்று வருஷம் காத்திருந்தாள். அவள் துவைத்து மடித்த வேட்டியை உடுத்திக்கொண்டு அப்பா ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போய்ப் பாட்டு எடுத்துக் கொடுத்தார். ஆற்றில் அம்மா இறங்குகிற துறையில் மற்றப் பெண்கள் இறங்குவதில்லை. இதற்காக அப்பா மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டிய மறு வருஷம், கார்த்திகை மாதம், அந்தப் பெருங்காற்று வந்தது. விடியும்போதே வானம் செம்மண் நிறமாக இருந்தது. காலை ஒன்பது மணிக்குள் வடக்கிலிருந்து காற்று மழையை வாரி அடிக்க ஆரம்பித்துவிட்டது. கோவில் மணி விடாமல் அடித்தது. ஊர் முழுக்கப் பாயும் பானையுமாகக் கோவிலுக்குள் போய்ச் சேர்ந்தது.

"பிள்ளையளக் கூட்டிட்டுப் போங்க. நான் இங்கன இருந்துக்கிடுதேன்" என்றாள் அம்மா.

நான் வரமாட்டேன் என்றேன். ஐந்து வயதுத் தம்பி அப்பாத்துரை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்பா ஒற்றை ஆளாகப் போயிருக்கலாம். ஆனால் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தான் என்று ஊர் பேசுமே. ஊருக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்தார். எங்களுக்காக உட்காரவில்லை, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று மணி நேரம் அந்த வீட்டுக்குள் கிடந்தோம். கூரை ஓலை கொத்துக் கொத்தாகப் பிய்ந்து போனது. வடக்குச் சுவர் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தபோது, உரலையும் நெல் கொட்டிவைக்கும் குலுக்கையையும் அம்மா உருட்டி முட்டுக் கொடுத்தாள். அப்பா ஒரு மூலையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். "ஒன் வீம்பாலதான் நாலு உசுரும் போப்போவுது" என்றார். அம்மா சுவரில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

நடுப்பகலில் காற்று திடீரென்று நின்றது. ஒரு ஓலை அசையவில்லை. எல்லாம் முடிந்துவிட்டதென்றுதான் நினைத்தோம். கடலோரத்து ஆட்களுக்கு அந்த அமைதி என்ன என்று தெரிந்திருக்கும், கொடிக்கால்காரர்களுக்குத் தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் உபதேசியார் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை.

"கெசியா, வீடு நிக்காது. பிள்ளையளோட கோவிலுக்கு வா. சபை முன்னால நிக்காண்டாம். தப்புன்னு எங்கிட்ட மட்டும் சொல்லு, போதும்."

"சொல்லுதேன். அதுக்கு முந்தி அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"என்ன வார்த்தை?"

"அவருக்குத் தெரியும்."

உபதேசியார் அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் நாங்கள் நான்கு பேரும் அப்போதே கல் கட்டடத்துக்குள் இருந்திருப்போம். அப்பா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, உபதேசியாரே. நீங்க போங்க."

காற்றுதான் நின்றுவிட்டதே, ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று அவரும் போய்விட்டார்.

அவர் போய் அரைமணி நேரம் இருக்காது. தெற்கிலிருந்து திரும்ப அடித்தது. முட்டுக் கொடுத்திருந்தது வடக்குச் சுவருக்கு. விழுந்தது தெற்குச் சுவர். அம்மா என்னையும் தம்பியையும் குலுக்கைக்குப் பின்னால் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டாள். கூரை அப்படியே இறங்கியது. நடுவிட்டமாகக் கிடந்த பனங்கட்டையின் ஒரு முனை குலுக்கையில் தங்கியதால் நாங்கள் பிழைத்தோம். மறுமுனை அப்பாவின் தொடையில் கிடந்தது.

அம்மா சேற்றில் துழாவி உலக்கையை எடுத்தாள். கட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். கட்டை நகரவில்லை; மேற்கொண்டு அமுங்காமல் நின்றது, அவ்வளவுதான். நானும் கூடச் சேர்ந்து உலக்கையில் தொங்கினேன். அப்போதுதான் அப்பா அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஏளா கெசியா, மாடனுக்கு நேந்துக்கிடு. சேவல் என்ன, கிடாயே நேந்துக்கிடு. சாக விட்டுறாத."

மழை முகத்தில் அடிக்க அம்மா அவரைக் குனிந்து பார்த்தாள். உலக்கையை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். விடவில்லை.

"இந்தத் தடவை நீங்களே நேந்துக்கிடுங்க" என்றாள்.

நேர்ந்துகொண்டார். வாய்க்குள் முணுமுணுத்திருந்தாலும் பரவாயில்லை. கோவிலில் பாட்டெடுக்கிற அந்தக் குரலில், மாடா என் சாமி, கிடா வெட்டுதேன் என்று கத்தினார். கட்டை அசைகிற போதெல்லாம் கத்தினார். எங்கள் கை மரத்துப் போயிற்று. தம்பி அழுது அழுது ஓய்ந்துவிட்டான்.

நாலு மணி வாக்கில் காற்று தணிந்தது. கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். அப்பா அப்போதும் நிறுத்தவில்லை. "இது நம்ம கிருபைராஜ் சத்தம்லா" என்று ஓலைக்கு அப்பால் யாரோ கேட்டார். விட்டத்தைத் தூக்கி அவரை வெளியே இழுத்துக் கட்டிலில் போட்டார்கள். உபதேசியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"கிருபைராஜ், மாடனக் கூப்பிட்டது நீதான?"

"கால் வேதனையில நினைவு தப்பிப் போச்சு, உபதேசியாரே. என்ன சொன்னேனோ, ஏது சொன்னேனோ."

பாவம், பாவம் என்று ஆட்கள் தலையை ஆட்டினார்கள். அம்மா அதுவரை உலக்கையைக் கையில்தான் வைத்திருந்தாள். அதைக் கீழே போட்டாள்.

"ஏட்டி யூனிஸ்" என்றாள். "இனி அவரு வாயால வராது. நீ சொல்லு."

சொன்னேன். மூன்று வருஷமாக மனப்பாடமாக வைத்திருந்ததை, பாட்டன் காலத்தில் தொடங்கி சாக விட்டுறாத வரைக்கும், அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். அதே பேச்சைத்தான் கொஞ்ச நேரம் முன்னால் எல்லோரும் காதால் கேட்டிருந்தார்கள். "அவ அம்மை சொல்லிக் கொடுத்தது" என்று அப்பா முனகினார். ஒருத்தரும் அவர் பக்கம் திரும்பவில்லை. உபதேசியார் ஈர மண்ணில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், வந்து உட்கார் என்று அம்மாவைக் கூப்பிட்டார்கள். போனாள். முதல் வரிசைப் பாயில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அப்பாவை ஆறு மாதம் நீக்கி வைத்தார்கள். கால் ஆறியதும் சபை முன்னால் நின்று அழுது, திரும்பச் சேர்ந்துகொண்டார். பாட்டு மட்டும் வேறொருவர் எடுத்தார்.

அந்த ஆறு மாதத்துக்கான அப்பாவின் கோபம் முழுக்க என் மேல் இறங்கியது. தண்ணீர் வேண்டுமென்றால் தம்பியிடம் சொல்வார். எதிரே நான் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் சமைத்ததைத் தின்றார். என்னை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

எனக்குப் பதினாறு வயதில் ஒரு நாள் அம்மாவோடு உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா எங்களைத் தாண்டிப் போனார், அவளிடம் மட்டும் பேசிவிட்டு. அம்மா கையை நிறுத்தினாள்.

"அன்னைக்கு நான் சொல்லிருக்கணும். ஒன்னைய சொல்ல வச்சது தப்பு, ஏட்டி."

சபை மூன்று வருஷம் கேட்டும் அவள் சொல்லாத வார்த்தை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றேன்.

அவள் வெற்றிலையைத் திரும்ப எடுத்து, காம்பைச் சரிபார்த்து, அடுக்கினாள்.