பாவடியில் வைத்த நீரூற்று

1. ஐம்பது வருஷம் கழித்துச் சேலம்

யுத்தத்துக்கு முந்தைய காலம். நகரசபை ஆபீசில் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை. ஒரு நாள் இன்ஜினியர் கூப்பிட்டார்.

"இன்னும் ஐம்பது வருஷத்துல சேலம் எப்படி இருக்கணும்? ஒரு பிளான் போடுய்யா. மெட்ராஸுக்கு அனுப்பணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வீடு குழாய், மூடிய சாக்கடை, மழைக்குச் சேறாகாத ரோடு, சூரமங்கலம் ஸ்டேஷன் வரை மரநிழல் என்று டிரேசிங் துணியில் இழுத்துத் தள்ளினேன். நெசவாளர் தெருக்களுக்கு நடுவே நீளமாக ஒரு மைதானம். நாங்கள் சங்கிலி பிடித்து அளந்தபோது அங்கே இரண்டு ஆடுகள்தான் படுத்திருந்தன. அதில் வட்டமாகப் பூங்கா வரைந்து, நடுவில் நீரூற்றும் வைத்தேன். பிளானிலேயே அழகான இடம் அதுதான் என்று எனக்கு ஒரே பெருமை.

2. ஆட்சேபணை

பிளானை ஆபீஸ் சுவரில் மாட்டி, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று தண்டோரா போட்டோம். கடைசி நாளில்தான் ஒரே ஒருத்தி வந்தாள். செல்லம்மா என்ற நெசவுக்காரப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கோவில், கிணறு, தன் வீடு என்று விரல் வைத்து அவளே கண்டுபிடித்துவிட்டாள். விரல் என் வட்டத்தில் வந்து நின்றது.

"ஏனுங்க, எங்க பாவடியில இது என்னுங்க?"

"பூங்காம்மா. நடுவுல நீரூத்து. சாயங்காலம் காத்து வாங்கலாம்."

"நாப்பது குடும்பம் தறிக்குப் பாவு நீட்டி, நூலுக்குக் கஞ்சி போடற எடமுங்க. பூச்செடி வெச்சுட்டா நூலை எங்க கொண்டுபோயி நீட்டறது? அப்பறம் காத்தத்தான் திங்கோணும்."

"நான் அளந்தப்ப ஒண்ணுமே இல்லையேம்மா!"

"எந்நேரத்துக்கு வந்தீங்க?"

"மத்தியானம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெயில் ஏறுனா கஞ்சி காஞ்சு நூலு அறுந்துபோகுமுங்க. அதுக்குள்ள சுருட்டிருவோம். காத்தால வந்து பாருங்க சாமி."

3. பிளேடு

மறுநாள் விடிந்ததும் போனேன். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிசையாகப் பாவு. ஆணும் பெண்ணுமாகக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் ஊரார் அடுப்பையே அணைத்திருக்கும்.

அன்று மத்தியானத் தபாலில் பிளான் போக வேண்டும். தப்பைச் சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் பாவடி போய்விடும். பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"மத்தியானம் மட்டும் பாத்துட்டு ஊருக்கே பிளான் போட்டியாய்யா?" என்று இன்ஜினியர் கத்தினார். பிறகு ஒரு பிளேடை என் பக்கம் தள்ளினார். "சுரண்டு."

பூங்காவைச் சுரண்டி எடுத்தேன். மைதானத்தை நீளமாகவே விட்டு, ஓரங்களில் மரமும், கஞ்சி காய்ச்சத் தண்ணீருக்கு ஒரு குழாயும் போட்டேன்.

"இந்த எடத்துக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?"

"தெரியலீங்க சார்."

"பாவடின்னே எழுது. மெட்ராஸ்ல தெரிஞ்சுக்கட்டும்."

என் வேலை பிழைத்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு: காலியிடம் என்று எழுதுமுன் காலையிலும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அந்தப் பிளானில் பாதிக்கு மேல் காகிதத்தோடு நின்றுவிட்டது. ஆனால் பாவடிக் குழாய் மட்டும் மூன்றாம் வருஷமே வந்தது. திறந்த அன்று தண்ணீர் பீறிட்டு அடித்ததில் பக்கத்தில் நின்ற நான் தொப்பலாக நனைந்துபோனேன். முதல் குடம் வைத்த செல்லம்மா என்னைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"வந்துருச்சுங்க சாமி, உங்க நீரூத்து!"