வலிக்காத கால்

மெலிஞ்சிமுனை லியோன் ஓரிடத்தில் அமைதியாக இருந்ததை ஊரில் எவரும் கண்டதில்லை. சாப்பிடும்போதுகூடச் சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக் குசினிக்கும் முற்றத்துக்குமாக நடப்பான். பூசைக்குப் போனால் பிரசங்கம் முடியுமட்டும் கோயில் வாசலில் நின்று கால் மாற்றிக்கொண்டிருப்பான். அவனை அடக்கிவைத்தது கடல் ஒன்றுதான். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கிவிட்டால், அடியில் மணலைத் தடவியபடி ஒரு பதற்றமும் இல்லாமல் ஊர்ந்து திரிவான். மேலே வரும்போது அந்த அமைதி போய்விடும். பிடித்ததை வள்ளத்தில் கொட்டிவிட்டு மறுபடி இறங்கவேண்டும் என்ற அவதியில், கயிற்றைப் பிடித்து நின்று நின்று ஏறவேண்டும் என்பதை மறந்து, ஒரே உந்தில் வெளியே வருவான். தீவுப் பக்கத்துக் கடலில் ஆழம் குறைவு. அங்கே அந்த அவசரம் அவனை ஒன்றும் செய்யவில்லை. முல்லைத்தீவு ஆழக்கடலுக்குப் பல பருவங்கள் தொழிலுக்குப் போய்வந்த பிறகுதான் வினை தொடங்கியது.

முதலில் நொந்தது இடது முழங்கால். மனைவி அன்ரனிட்டா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். பிறகு நோவுக் குளிசை விழுங்கினான். பிறகு முழங்காலை எக்ஸ்றே எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. படுத்தாலும் நோவு, எழும்பினாலும் நோவு. தண்ணீருக்குள் மட்டும் கால் பாரமற்றுப் போய்விடுவதால் நோவு தெரியாது. ஆகவே லியோன் முன்னிலும் அதிகமாகக் கடலுக்குப் போனான். கரையில் நொண்டுகிறவன் கடலுக்குள் நல்லாயிருக்கிறான் என்றால் நோய் கரையில்தான் இருக்கிறது என்று தன்னோடு தொழில் செய்யும் ஜெகதீஸுக்கு விளக்கம் வேறு சொன்னான்.

அந்த வருடம் கோயில் திருநாளில் புனிதரின் சிலையான சுருவத்தைச் சுமந்தவர்களில் லியோனும் ஒருவன். சுற்றுப்பிரகார ஊர்வலம் முடிய இன்னும் ஒரு திருப்பம் இருக்கும்போது இடது கால் அவனைக் கைவிட்டது. தடுக்கவில்லை, வழுக்கவுமில்லை, இடுப்புக்குக் கீழே ஏதோ உள்ளுக்குள் நொறுங்கி இறங்கியது போலிருந்தது. பின்னால் வந்த ஜெகதீஸ் பாய்ந்து தோள் கொடுத்திராவிட்டால் சுருவமும் சரிந்திருக்கும். லியோன் மண்ணில் கிடந்தபடி, சுருவத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் முதலில் கேட்டான்.

யாழ்ப்பாணத்தில் அவனைப் பார்த்த எலும்பு டொக்டர் பிரியவதனி என்ற இளம் பெண். அவள் முழங்காலைத் தொடவேயில்லை. காலை மடக்கி இடுப்பில் திருப்பினாள். லியோன் கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்தான். இடுப்பு நோவு முழங்காலில் தெரிவது வழக்கம் என்றாள். என்ன தொழில், எவ்வளவு ஆழம், எப்படி மேலே வருகிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, இரண்டு இடுப்பையும் ஸ்கான் எடுக்கச் சொன்னாள். நோவது ஒரு பக்கம்தானே என்று லியோன் சொல்லிப் பார்த்தான். அவள் விடவில்லை.

படங்கள் வந்தபின் லியோனையும் கூட வந்திருந்த அன்ரனிட்டாவையும் கதிரையில் இருத்திக் கதைத்தாள்.

"எலும்பு கல்லு மாதிரி எண்டு நினைக்கிறியள், அண்ணை. அப்பிடி இல்லை. அதுக்கும் உயிர் இருக்கு. வெட்டினால் இரத்தம் வரும். தொடையெலும்பின்ரை மேல் நுனியிலை, இடுப்புக்குள்ளை சுழலுற குண்டு ஒண்டு இருக்கு. அதுக்கு இரத்தம் போற வழி கனக்க இல்லை. எலும்பின்ரை கழுத்துப் பக்கத்தாலை ஊர்ந்து ஏறுற, நூல் மாதிரி நாளங்கள்தான். நீங்கள் கெதியா மேலை வரேக்கை உடம்பிலை கரைஞ்சிருந்த காத்து குமிழாகும். அந்தக் குமிழ் அந்த நூல் வழியை அடைச்சுப் போட்டுது."

"அடைச்சால்?"

"சாப்பாடு இல்லை, காத்து இல்லை. எலும்பு உள்ளுக்குள்ளை சாகும். சாகேக்கை சத்தம் போடாது. மேலை நிண்டு பாரம் ஏத்த ஏத்த ஒரு நாள் நொறுங்கும். உங்கட இடது குண்டு நொறுங்கிட்டுது. அதுக்கு இனி உலோகத்திலைதான் வேறை வைக்கவேணும்."

லியோன் அதைத் தாங்கிக்கொண்டான். அவள் அடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் அவனுக்கு இருப்புக் கொள்ளாமல் போயிற்று. நோவே இல்லாத வலது காலிலும், எலும்பு சாவதைக் காட்டும் அதே வெளிறல். இன்னும் நொறுங்கவில்லை. இப்போதே துளையொன்று போட்டு உள்ளே இறுகியிருக்கும் அமுக்கத்தை எடுத்துவிட்டால், அந்தத் துளை வழியே புது நாளங்கள் ஊர்ந்து போய் எலும்புக்குத் திரும்ப இரத்தம் கொடுக்கக்கூடும். கொடுக்காமலும் விடலாம். அவள் எதையும் மறைக்கவில்லை.

நோகாத காலைத் துளைக்க விடமாட்டேன் என்று சொல்லி லியோன் எழுந்து வந்துவிட்டான். ஊர்காவற்றுறை பஸ்ஸில் இருக்கை இருந்தும் இருக்கவில்லை. புளியங்கூடலில் பஸ் நிற்க, திடீரென்று இறங்கினான். வலது கால் நல்ல கால் என்று தனக்கே காட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவனுக்கு. வெயிலில் தடியை ஊன்றி விறுவிறென்று நடந்தான். அன்ரனிட்டா குடையோடு பின்னால் நடந்தாள். ஒரு மதகடி வந்ததும் இடது கால் மறுத்துவிட்டது. மதகுக் கட்டில் குந்திக்கொண்டு, தன் வலது தொடையைக் கையால் அமத்தி அமத்திப் பார்த்தான்.

"ஒண்டும் இல்லை. பார், ஒரு நோவும் இல்லை," என்றான்.

"இடது காலும் ஒரு காலத்திலை நோகாமல்தானே இருந்தது," என்றாள் அன்ரனிட்டா.

அவன் எதிரே உவர் நிலத்தில் மேய்ந்த மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, நாளைக்கு யாழ்ப்பாணத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

வலது பக்கத்தைத் துளைக்கும் ஒப்பரேசன் சிக்கலில்லாமல் முடிந்தது. உண்மையான பாடு வீட்டில்தான் தொடங்கியது. வலது காலில் பாரமே ஏற்றக்கூடாது. நொந்தாலும் இடது காலில் நில்லுங்கோ, அது இனிக் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தாள். சிகரெட்டையும் விடச் சொன்னாள். புகை அந்தச் சின்ன நாளங்களைச் சுருக்கிவிடுமாம். சாராயமும் ஆகாது. வாழ்நாளில் ஓரிடத்தில் இருக்காத மனிதன், வாயில் புகையும் இல்லாமல் கட்டிலில் கிடந்தான். விரல்கள் சும்மா இருக்கவில்லை. படுக்கை விரிப்பின் ஓரத்தை நூல் நூலாகப் பிரித்தான். அன்ரனிட்டா முருங்கையிலையும் நண்டும் ஆட்டெலும்பு ரசமும் என்று ஆக்கிக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு, இரத்தம் இப்போது எதுவரை போயிருக்கும் என்று கேட்பான். அவளுக்கு எப்படித் தெரியும்? அவன் கண்ணை மூடிக்கொண்டு இடுப்புக்குள் கவனிப்பான். சிலவேளை உள்ளே இளஞ்சூடாக ஏதோ ஊர்வதுபோலிருக்கும். மறுகணம் அது வெறும் நினைப்பு என்று தோன்றும். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டு அறியலாம், காயம் என்றால் கண்ணால் பார்க்கலாம். இதை எதனால் அறிவது? அந்த அந்தரத்தில் ஒரு தடவை அன்ரனிட்டா கிணற்றடிக்குப் போன சமயம் எழுந்து வலது காலை நிலத்தில் வைத்துவிட்டான். அப்படியே கல்லாகி நின்றான். உள்ளே முளைத்ததை மிதித்துவிட்டேனோ என்ற பயம். ஜெகதீஸ் வந்து தூக்கிப் படுக்கவைக்கும்வரை அசையவில்லை.

மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கானை டொக்டர் கனநேரம் பார்த்தாள். லியோனுக்கு அதற்குள் சட்டை நனைந்துவிட்டது. குண்டு வடிவம் குலையவில்லை, துளை நெடுகப் புது எலும்பு வந்திருக்கிறது, இரத்தம் போகிறது என்றாள். ஒரு ஓரம் இன்னும் வெளிறிக் கிடக்கிறது. அதைப்பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்ல ஏலாது. இனிமேல் சிலிண்டர் கட்டி இறங்குவதை மறந்துவிட வேண்டும். லியோன் ஓம் என்று தலையாட்டினான். அன்ரனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு இடது பக்கத்துக்கு உலோகக் குண்டு வைத்தார்கள். இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறான்.

சென்ற பருவத்திலிருந்து லியோன் வள்ளத்தோடு போகிறான். மேலே இருந்து எஞ்சினையும் கயிற்றையும் பார்ப்பது அவன் வேலை. ஏறும் கயிற்றில் பாதி ஆழத்தில் மேலதிகமாக ஒரு சிலிண்டரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான், வருகிறவர்கள் அதில் மூச்செடுத்து நின்று வரட்டும் என்று. நிற்காமல் வந்தவனை அன்று முழுக்க மறுபடி இறங்க விடமாட்டான். இந்தக் கரைச்சல் தாங்காமல் இரண்டு பேர் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். ஜெகதீஸ் மட்டும் புறுபுறுத்துக்கொண்டே நிற்கிறான்.

"பயத்திலை எங்களையும் பயப்பிடுத்திறியள், அண்ணை," என்றான் ஒரு நாள், தலையைத் துவட்டியபடி.

"ஓம், பயம்தான்," என்றான் லியோன். "உனக்கு இடுப்பு நோகுதோ?"

"இல்லை."

"அப்ப வாற செவ்வாய் என்னோடை கிளினிக்குக்கு வா. ரெண்டு பக்கமும் படம் எடுப்பம்."

ஜெகதீஸ் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, செவ்வாய் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.